29 பேர் செத்த சுரங்கம், தலைமை அதிகாரிக்கு ஒரே ஒரு வருஷம். எப்படி?

தேநீர்க்கடை (கேள்வி):

வணக்கம். இரண்டு நாளாக ஒரே விஷயத்தைப் படித்துத் தலை சூடாகிவிட்டது, அதனால் இங்கே கொட்டுகிறேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் அப்பர் பிக் பிராஞ்ச் என்ற நிலக்கரிச் சுரங்கம் 2010 ஏப்ரல் 5 மதியம் மூன்று மணிவாக்கில் வெடித்தது. 29 பேர் இறந்தார்கள். மாசி எனர்ஜி என்ற பெரிய கம்பெனியின் சுரங்கம். அதன் தலைமை அதிகாரி டான் பிளாங்கன்ஷிப் மீது வழக்கு நடந்து 2015 டிசம்பரில் குற்றவாளி என்று ஜூரி சொல்லி, 2016 ஏப்ரலில் ஒரு வருஷச் சிறையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் போட்டார்கள். இதே மனிதர் 2009இல் மட்டும் சம்பளம், போனஸ் எல்லாம் சேர்த்து வாங்கியது 1 கோடியே 78 லட்சம் டாலர். அபராதத்தை அவர் ஒரு வாரச் சம்பளத்தில் கட்டியிருப்பார்.

இதை என் மச்சானிடம் சொன்னால், “அவனா உள்ளே போய் நெருப்பு வைத்தான்? எங்கேயோ ஆபீஸில் உட்கார்ந்திருந்தவனை ஒரு நாள் உள்ளே வைத்ததே பெரிய விஷயம்” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு சுரங்க விபத்தில் மேலே உட்கார்ந்திருப்பவரைப் பிடிக்கச் சட்டத்துக்கு என்னதான் வேண்டும்? ஏன் ஒரே வருஷம்? நம் நாட்டில் இப்படி யாராவது உள்ளே போயிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் சட்டம் படித்தவன் இல்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.


வக்கீல் குமாஸ்தா:

உங்கள் மச்சான் சொல்வதைத்தான் அவருடைய வக்கீல்களும் கோர்ட்டில் சொன்னார்கள், அதனால் மச்சானைத் திட்ட வேண்டாம்.

முதலில் அந்த ஒரு வருஷம். ஜூரி அவரை 29 பேரின் சாவுக்காகக் குற்றவாளி ஆக்கவில்லை. சுரங்கப் பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்தார் என்ற ஒரு குற்றத்துக்குத்தான் தண்டனை. அமெரிக்கச் சட்டத்தில் அது சின்னக் குற்றம், அதிகபட்சமே ஒரு வருஷம். நீதிபதி ஐரீன் பெர்கர் கொடுத்தது அந்த அதிகபட்சம்தான், அவர் கையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதிலேயே இன்னொரு வேடிக்கை இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பங்கு விலை சரிந்தபோது, “எங்கள் கம்பெனி விதிமீறலைப் பொறுத்துக்கொள்வதில்லை” என்ற பொருளில் பங்குதாரர்களுக்கு அறிக்கை விட்டார்களே, அது பொய் என்றும் அவர் மேல் வழக்கு இருந்தது. பல வருஷச் சிறைக்கு இடமிருந்தது அந்தக் குற்றச்சாட்டுகளில்தான். அதிலிருந்து அவரை விடுவித்துவிட்டார்கள். ஆக, பங்கு வைத்திருப்பவனிடம் பொய் சொன்னால் பெரிய குற்றம், மண்ணுக்குக் கீழே இருப்பவன் மூச்சுக்கு வைத்த விதியை மீறினால் சின்னக் குற்றம். இந்த ஓட்டையை அடைக்க அங்கே 2010இலேயே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நாடாளுமன்றத்தில் தோற்றுப்போனது.

இப்போது இதைப் பாருங்கள், எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான். அந்தச் சுரங்கத்தின் பாதுகாவலர் தலைவருக்கு, விசாரணையில் பொய் சொன்னதற்கும் ஆவணங்களை அழிக்கச் சொன்னதற்கும், மூன்று வருஷம். சுரங்கக் கண்காணிப்பாளருக்கு 21 மாதம். மாசியின் வேறொரு கிளைக் கம்பெனித் தலைவருக்கு 42 மாதம், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உத்தரவு தலைமை அதிகாரியிடமிருந்தே வந்தது என்று கோர்ட்டிலேயே சொன்னவர். எல்லோருக்கும் மேலே இருந்தவருக்கு 12 மாதம்.

சரி, அவரை எப்படிப் பிடித்தார்கள்? அவர் சாதாரண முதலாளி இல்லை, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவர். அந்தச் சுரங்கத்தில் எவ்வளவு கரி வெட்டினார்கள் என்ற கணக்கு அரை மணிக்கு ஒருமுறை அவருக்குப் போயாக வேண்டும். விதிமீறல் பட்டியலும் தினமும் போனது. வெடிப்புக்கு முந்தைய 15 மாதத்தில் அரசு ஆய்வாளர்கள் அங்கே கண்டுபிடித்த மீறல்கள் 549. இதற்கெல்லாம் மேலே, தன் ஆபீஸ் போனில் பேசியதைத் தானே டேப்பில் பதிவுசெய்து வைத்திருந்தார்! அரசுத் தரப்பு அதை எடுத்து ஜூரிக்குப் போட்டுக் காட்டியது. அப்புறம் 2005 அக்டோபரில் அவர் எழுதிய ஒரு குறிப்பும் உண்டு. காற்றோட்டக் கட்டுமானம் செய், அது செய், இது செய் என்று உங்கள் மேலாளர் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் கரியை வெட்டுங்கள், கரிதான் பில் கட்டுகிறது என்கிற மாதிரி. ஒரு வாரத்தில் “பாதுகாப்பே முதல்” என்று இன்னொரு குறிப்பு எழுதி முதல் குறிப்பைப் பூசி மெழுகினார். மூன்று மாதத்தில், 2006 ஜனவரியில், அதே கம்பெனியின் அரகோமா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் தீப்பிடித்தது. புகையைத் தடுக்க வேண்டிய காற்றுச் சுவர் இல்லாததால் தப்பிக்கும் பாதைக்குள் புகை வந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குக் கிளைக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 42 லட்சம் டாலர் கட்டியது. பிளாங்கன்ஷிப் பெயர் அந்த வழக்கில் இல்லை.

ஆக மச்சானுக்குப் பதில்: நெருப்பு வைத்தாரா என்பது கேள்வியே இல்லை. தெரிந்திருந்ததா, தெரிந்தும் விட்டாரா என்பதுதான். இவர் எல்லாம் தெரிந்துகொள்ளத் துடித்த ஆள், அதனால் மாட்டினார். இதே இடத்தில், “எனக்குப் புகார் எதுவும் அனுப்பாதீர்கள், லாப நஷ்டக் கணக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்” என்று ஒரு சாமர்த்தியசாலி உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வருஷமும் கிடையாது.


பழைய ஓவர்மேன்:

குமாஸ்தா தம்பி வழக்கைச் சொல்லிவிட்டார். நான் உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரியாமல் யார் குற்றம் என்று பேச முடியாது. நான் 26 வருஷம் தரைக்கடி நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன், முதலில் சர்தார் (கீழே ஒரு பகுதியின் பாதுகாப்பைப் பார்ப்பவர்), பிறகு அவருக்கு மேலே ஓவர்மேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

கரியைச் சீவி எடுக்கும் ஷியரர் இயந்திரத்தின் பற்கள் அங்கே தேய்ந்திருந்தன. தேய்ந்த பல் மணற்பாறையில் உரசினால் பொறி பறக்கும். அதற்காகத்தான் பல்லுக்குப் பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சும் சின்னச் சின்ன குழல்வாய்கள் வைத்திருப்பார்கள். அங்கே சில குழல்வாய்கள் கழன்று போய் வெறும் ஓட்டைதான் இருந்தது. பொறி மீத்தேன் வாயுவில் பற்றியது. சரி, மீத்தேன் எல்லா ஆழச் சுரங்கத்திலும் வரும், கொஞ்சம் எரிந்து அடங்கியிருக்கலாம். ஆனால் தரையிலும் சுவரிலும் கரித்தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியின் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும், தூசி கிளம்பினாலும் எரியாது. இது நூறு வருஷத்துக்கு முந்தைய அறிவு, இதற்கு விஞ்ஞானி வேண்டாம், பொடி மூட்டையும் ஆளும் போதும். அதைத்தான் செய்யவில்லை. தீ தூசியில் ஏறியது, சுரங்கம் நெடுக ஓடியது.

இறந்தவர்களின் உடலைச் சோதித்தபோது நுரையீரலைப் பார்க்க முடிந்தது 24 பேருக்கு. அதில் 17 பேருக்குக் கரி நுரையீரல் நோய். அதாவது வெடிக்காமல் இருந்திருந்தாலும் அந்தத் தூசி அவர்களை மெதுவாகக் கொன்றிருக்கும்.

இப்போது நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். அங்கே இரண்டு வகைப் பதிவு இருந்தது. கம்பெனிக்குள் பார்க்கும் புத்தகத்தில் இன்ன இடத்தில் கோளாறு என்று எழுதினார்கள், சட்டப்படி அரசு ஆய்வாளர் பார்க்கும் புத்தகத்தில் அது வராது. ஆய்வாளர் வந்தால் கேட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் உள்ளே தகவல் போய்விடும், அவர் கீழே இறங்கி வருவதற்குள் காற்றைத் திருப்பிவிடும் திரைச்சீலையைச் சரிசெய்து பொடியைத் தூவிவிடலாம். முன்கூட்டித் தகவல் சொல்வதே அங்கே குற்றம்.

படித்துவிட்டு நான் சிரித்தேன், அழ வேண்டிய இடத்தில். நான் இருந்த இடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றால் முந்தின ராத்திரி ஷிப்ட்டே சுரங்கம் வெள்ளைவெளேர் என்று கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். ஒருமுறை ஒரு கேலரியில், அதாவது உள்ளே வெட்டிய பாதையில், கூரை கட்கட் என்று சத்தம் போடுகிறது, ஆளை எடுத்துவிட்டேன் என்று எழுதினேன். மறுநாள் கூப்பிட்டு, “எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லியிருக்கலாமே” என்றார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பிறகு எவன் எழுதுவான்? மூன்று வாரத்தில் அதே கேலரியில் கல் விழுந்து ஒரு பையனுக்குக் கால் போனது. சஸ்பெண்ட் ஆனது நானும் சர்தாரும். ஏனென்றால் அந்த ஷிப்ட்டில் “பாதுகாப்பானது” என்று கையெழுத்துப் போட்டது நாங்கள்.


கிராஃப் பேப்பர்:

எல்லோரும் உணர்ச்சியோடு பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். நான் மைனிங் என்ஜினீயர். தலைமை அதிகாரியை உள்ளே தள்ளினால் சுரங்கம் பாதுகாப்பாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சிறை பயம் வந்தால் மேலே இருப்பவன் முதலில் செய்வது வக்கீலை வைப்பது, இரண்டாவது செய்வது ஈமெயிலில் எதுவும் எழுதாதே என்பது. சின்னச் சின்ன கோளாறுகளைத் தயங்காமல் சொல்கிற பழக்கம்தான் உயிரைக் காப்பாற்றும், பயம் அதைக் கொன்றுவிடும்.

அப்புறம் அரசு ஆய்வாளர்களை ஏன் யாரும் பேசவில்லை? 549 மீறல் கண்டுபிடித்தவர்கள் சுரங்கத்தை ஏன் நிரந்தரமாக நிறுத்தவில்லை? தொடர்ந்து மீறும் சுரங்கங்களின் பட்டியல் என்று ஒன்று அந்தத் துறையிடம் இருந்தது, அதில் ஏறியிருந்தால் கெடுபிடி கூடியிருக்கும். கம்ப்யூட்டர் நிரலில் ஒரு பிழை, இந்தச் சுரங்கம் அதில் விட்டுப்போனது. அதற்கு யார் உள்ளே போனார்கள்? கம்பெனியும் நோட்டீஸ் ஒவ்வொன்றையும் எதிர்த்து மேல்முறையீடு செய்து இழுத்தடித்தது, அது சட்டப்படி அதன் உரிமை. 2011இல் மாசியை வாங்கிய ஆல்ஃபா கம்பெனி வழக்கை முடிக்க 20 கோடியே 90 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டது, அதில் ஒரு பகுதி பாதுகாப்புக் கருவிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் போனது. ஒருவர் ஒரு வருஷம் ஜெயிலில் உட்கார்ந்ததை விட அந்தப் பணம் உருப்படியான வேலை என்பேன்.


கோலார் பேத்தி:

கிராஃப் பேப்பர் சார், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் “பயம் வேண்டாம்” என்பது மேலே இருப்பவர்களுக்கு மட்டும் ஏன்? எங்கள் தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரும் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள். பாறை வெடித்தால் சைரன் ஊதும், லைன் வீடுகளிலிருந்து பொம்பளைகள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள் என்று ஆயா சொல்லும். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி இருந்தது லண்டனில். 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொள்ளும் வரை அவர்கள்தான். ஆயாவுக்கு மேஸ்திரி பெயர் தெரியும், ஷிப்ட் துரை பெயர் தெரியும். அதற்கு மேலே யார் என்று கேட்டால் கையை ஆகாயத்துக்குக் காட்டும்.


மழைக்கோட்டு:

நான் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். மலையைத் தாண்டினால் மேற்குக் கரை, அங்கேதான் பைக் ரிவர் சுரங்கம். 2010 நவம்பர் 19, அதே வருஷம், எண்ணிக்கையும் அதே 29. மீத்தேன் வெடிப்பு. இரண்டு பேர் மட்டும் வெளியே வந்தார்கள். உடல்கள் இன்றுவரை உள்ளேதான்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். கம்பெனி திவாலாகிப் போனது. தலைமை அதிகாரி பீட்டர் விட்டால் மீது 12 குற்றச்சாட்டு போட்டார்கள். 2013 டிசம்பரில் வழக்கையே வாபஸ் வாங்கினார்கள், அதே சமயம் குடும்பங்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் 34 லட்சம் நியூசிலாந்து டாலர் சொச்சம் கொடுக்கப்பட்டது. கணவனை இழந்த ஒருவரும் மகனை இழந்த ஒருவரும் விடாமல் கோர்ட் ஏறினார்கள், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பணத்துக்கு ஈடாக வழக்கைக் கைவிட்ட அந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று சொன்னது. தீர்ப்பு வந்து என்ன, அந்த வழக்கு திரும்பி வரவில்லை.

ஆனால் சட்டம் மாறியது. 2015இல் கொண்டுவந்த புதுச் சட்டத்தில் டைரக்டர், தலைமை அதிகாரி எல்லோருக்கும் நேரடிக் கடமை வைத்திருக்கிறார்கள். தன் தொழிலில் என்ன ஆபத்து என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும், கீழே உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தெரிந்தே அலட்சியமாக ஆளைச் சாவுக்கு முன்னால் நிறுத்தினால் ஐந்து வருஷம் வரை சிறை. குமாஸ்தா சொன்னாரே ஒரு சாமர்த்தியசாலி, “எனக்கு எதுவும் அனுப்பாதே” என்பவன், அவனுக்கான சட்டம் இது. தெரியாது என்பதே இங்கே குற்றம் ஆகும். 2024இல் ஆக்லாந்து துறைமுகத்தின் முன்னாள் தலைமை அதிகாரி இந்தச் சட்டத்தில் மாட்டினார். சுரங்கம் இல்லை, கப்பலில் கன்டெய்னர் விழுந்து ஒரு தொழிலாளி இறந்த வழக்கு. காகிதத்தில் எல்லா விதியும் அழகாக இருந்தது, ராத்திரி ஷிப்ட்டில் அது நடக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். அபராதம் 1,30,000 டாலர், சிறை இல்லை.


வக்கீல் குமாஸ்தா:

மழைக்கோட்டு, அருமை. கிராஃப் பேப்பர் சாருக்கும் இதில் பதில் இருக்கிறது, ஈமெயில் வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத சட்டம் அது. ஆய்வாளர்கள் விஷயத்தில் அவர் சொன்னது சரி, அதை நான் மறுக்கவில்லை.

தேநீர்க்கடை கேட்ட கடைசிக் கேள்வி பாக்கி இருக்கிறது, நம் நாடு. தன்பாத் பக்கம் சாஸ்நாலா, 1975 டிசம்பர் 27. பக்கத்திலிருந்த பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் சுவரை உடைத்து உள்ளே பாய்ந்து 370க்கு மேல் இறந்தார்கள். தீர்ப்பு எப்போது தெரியுமா? 2012இல். உயிரோடு மிச்சமிருந்த இரண்டு ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு ஒரு வருஷம். அதுவும் ஒரு வருஷம்தான், 37 வருஷம் கழித்து.

1952 சுரங்கச் சட்டத்தில் ஓனர், ஏஜென்ட் (ஓனரின் பிரதிநிதி), மேனேஜர் என்று மூன்று பேருக்கும் பொறுப்பு எழுதியிருந்தது, காகிதத்தில் குறையில்லை. ஆனால் கம்பெனி தன் டைரக்டர்களில் ஒருவரை ஓனர் என்று பெயர் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் கை கழுவிக்கொள்ள முடிந்தது. விதியை மீறி உயிர் போனால் 72சி பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. அந்த “அல்லது”வில்தான் எல்லோரும் தப்பித்தார்கள். 2020இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த, தொழிலாளர் பாதுகாப்புக்கான புதுத் தொகுப்புச் சட்டத்தில் அபராதம் குறைந்தது 5 லட்சம் என்று ஏற்றியிருக்கிறார்கள், அதில் பாதியைக் குடும்பத்துக்குக் கொடுக்கக் கோர்ட் சொல்லலாம். சிறை அதே இரண்டு வருஷம், அதே “அல்லது”.


கிராஃப் பேப்பர்:

சரி, நியூசிலாந்துச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. “கீழே நடக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்” என்பது ஒரு என்ஜினீயர் எழுதிய வாக்கியம் மாதிரி இருக்கிறது. சிறை பற்றி என் கருத்து மாறவில்லை.


தேநீர்க்கடை:

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன், முழுசாகப் படித்துவிட்டு, “பாதுகாவலருக்கு மூன்று வருஷம், முதலாளிக்கு ஒன்றா?” என்று அதிலேயே நின்றுவிட்டான்.

ஓவர்மேன் ஐயா, ஒன்று கேட்க வேண்டும். “ஆளை எடுத்துவிட்டேன்” என்று எழுதிய அந்தப் பக்கம், கால் போன பிறகு நடந்த விசாரணையில் யாராவது அதை எடுத்துப் பார்த்தார்களா?


பழைய ஓவர்மேன்:

இல்லை தம்பி. விசாரணைக்கு வந்த புத்தகம் புதுசு, பழையது தண்ணீரில் நனைந்துவிட்டது என்றார்கள். நான் பாக்கெட் டைரியில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். “இது கம்பெனி ரிக்கார்ட் இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறது.